பள்ளி விட்ட பிறகும் வகுப்பு தலைக்குள்ளேயே ஓடுது: வேலையில எதை மாத்தலாம்?

சுண்ணக்கட்டி | ஜூலை 5, இரவு 9.50

ஆசிரியர் மனநலம்னு பேச்சு எடுத்தாலே தியானம், மூச்சுப் பயிற்சி, காலை நடை. எதுவும் தப்பில்லை. ஆனா நாற்பது நோட்டும், அஞ்சு வகுப்பும், ராத்திரி பத்து மணிக்கு வர்ற பெற்றோர் மெசேஜும் அப்படியே இருக்கும்போது மூச்சை மட்டும் சீராக்கி என்ன ஆகப்போகுது? என் கட்சி இதுதான்: ஆசிரியரோட மனசை அரிக்கிறது வேலை நடக்கிற விதம். மாத்த வேண்டியதும் அதைத்தான். பள்ளி விட்டு மூணு மணி நேரம் ஆனாலும் வகுப்பு தலைக்குள்ள ஓடுறது, ஞாயிறு சாயங்காலமே வயித்தைப் பிசையுறது, இதெல்லாம் இந்த வேலையில இருக்கிற யாருக்கும் புதுசில்லை. எதை, எப்படி மாத்தலாம்? அளவோட, முறையோட சொல்லுங்க. "உங்களுக்காக நேரம் ஒதுக்குங்கள்" வகை வேண்டாம்.

ஆறாம்பீரியட் | ஜூலை 5, இரவு 10.35

உங்கள் கட்சிக்குப் பக்கபலம் இருக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு (ஐசிடி-11), பர்ன்-அவுட்டை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் நீண்ட நாள் சரிசெய்யப்படாமல் விடப்பட்ட அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் சொல்கிறது.

ஆனால் எதை மாற்றுவது என்று முடிவெடுக்கும் முன் இது எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-ல் வெளியிட்ட அளவுகோல் இதை மூன்றாகப் பிரிக்கிறது. ஒன்று, வற்றிப்போதல். காலையில் எழும்போதே தீர்ந்துபோன மாதிரி இருக்கும். இரண்டு, விலகிப்போதல். பிள்ளைகள் தனித்தனி முகங்களாகத் தெரியாமல் "அந்த எட்டாம் வகுப்பு பி" என்ற ஒரே மொத்தையாகத் தெரிவார்கள். மூன்று, நான் கற்பித்து என்ன ஆயிற்று என்ற எண்ணம்.

மூன்றுக்கும் மருந்து வேறு. வற்றிப்போனவருக்கு வேலைச் சுமையைக் குறைக்க வேண்டும். விலகிப்போனவருக்குப் பெரும்பாலும் அநியாயம் நடந்த இடம் ஒன்று இருக்கும்: பாகுபாடான டைம்டேபிள், பெற்றோர் முன் விட்டுக்கொடுத்த நிர்வாகம். அதைப் பேசாமல் விடுமுறை மட்டும் கொடுத்தால் அதே கசப்போடு திரும்புவார். மூன்றாவது வகைக்கு, பிள்ளைகளின் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிகிற ஏற்பாடு வேண்டும். பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எழுதிய ஒரு பக்கத்தை எடுத்து வைத்து, பத்து வாரம் கழித்து அதே மாதிரிப் பக்கத்தை எழுதச் சொல்லி அருகருகே வைத்துப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல் காட்டாததை அது காட்டும்.

மனச்சோர்வு நோய் வேறு கதை. அது வேலையோடு நிற்காது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

மைக்கூடு | ஜூலை 6, காலை 6.15

நோட்டிலிருந்து தொடங்குவோம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வகுப்புக்கு 40 பேர், 5 வகுப்பு, ஒரு நோட்டுக்கு 3 நிமிடம். மொத்தம் 600 நிமிடம், அதாவது வாரத்துக்குப் பத்து மணி நேரம். இந்தப் பத்து மணி நேரம் எந்த டைம்டேபிளிலும் இல்லை. எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான்.

குறைக்கும் வழி:

நோட்டை வாங்கும்போதே திறந்தபடி வாங்குங்கள். திருத்த வேண்டிய பக்கத்தைத் திறந்து, ஒன்றின் மேல் ஒன்றாக, கடைசி வரிசையிலிருந்து முன்னுக்கு அடுக்கி வரச் சொல்லுங்கள். பக்கம் தேடிப் புரட்டுவதற்கு ஒரு நோட்டுக்குப் பத்து விநாடி என்றாலும் நாற்பதுக்கு ஏழு நிமிடம் போகிறது.

எல்லா நோட்டையும் முதலில் பேனா இல்லாமல் படியுங்கள். பேனா கையில் இருந்தால் கை தானாக எழுதத் தொடங்கிவிடும். நோட்டுக்கு 30 விநாடி. பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் இருக்கட்டும், அதில் நான்கு கட்டம்: பலர் செய்த பிழை, நன்றாகச் செய்தவர் பெயர், தனியாக அழைத்துப் பேச வேண்டியவர் பெயர், நாளை மறுபடி நடத்த வேண்டியது. நாற்பது நோட்டு முடியும்போது அந்தத் தாள்தான் மறுநாள் பாடத்தின் முதல் பத்து நிமிடம். வகுப்பில் பலகையில் போட்டு, பிள்ளைகளே தங்கள் நோட்டில் பச்சை மையால் திருத்தட்டும்.

இப்போது கணக்கு: 200 நோட்டு × 30 விநாடி = 100 நிமிடம். தாள் தயாரிக்க வகுப்புக்குப் பத்து நிமிடம், மொத்தம் 50. ஆக இரண்டரை மணி நேரம்.

இதனால் பிள்ளைக்கு நஷ்டமா என்றால், இல்லை. ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் அடுத்த வேலையை நன்றாகச் செய்தார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மதிப்பெண்ணைப் பார்த்ததும் குறிப்பைப் படிப்பதில்லை. இரவு பதினொன்றுக்கு எழுதிய அந்த அழகான நான்கு வரி அப்படித்தான் வீணாகிறது.

சுண்ணக்கட்டி | ஜூலை 6, காலை 6.40

ஆய்வுக்கு வர்றவங்க ஒவ்வொரு பக்கத்துலயும் சிவப்பு மை தேடுவாங்களே. பெற்றோரும் "மிஸ் நோட்டே பார்க்கல"ன்னு சொல்வாங்க.

மைக்கூடு | ஜூலை 6, மாலை 5.20

இந்த முறை தோற்பது அங்கேதான். ஆசிரியர் தானாக முறையை மாற்றிவிட்டு, யாராவது கேட்கும்போது விளக்கம் சொல்லத் தடுமாறுவார். முன்கூட்டியே மூன்று வேலை செய்துவிடுங்கள்.

தலைமை ஆசிரியரிடம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பயிற்சிகளுக்கு வகுப்பு மொத்தத்துக்குமான திருத்தம், எவற்றுக்குத் தனித் திருத்தம், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை. ஒரு பருவத்துக்கு ஒரு வகுப்பில் சோதனையாகச் செய்ய அனுமதி கேளுங்கள். "ஒரு வகுப்பு, ஒரு பருவம்" என்றால் மறுப்பது கடினம்.

அந்த நான்கு கட்டத் தாளைத் தேதி போட்டு ஒரு கோப்பில் சேருங்கள். ஆய்வுக்கு வருபவருக்கு அதுவே சான்று. பிள்ளையின் நோட்டில் பச்சை மையில் அவன் செய்த திருத்தமும், கீழே உங்கள் கையெழுத்தும் தேதியும் இருக்கும். பெற்றோர் கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடத்துக்குள் பச்சை மை என்றால் என்ன என்று காட்டிவிடுங்கள்.

தேர்வு விடைத்தாளுக்கு இது பொருந்தாது. விடைத்தாளைத் தாள் தாளாகத் திருத்தாமல் கேள்வி கேள்வியாகத் திருத்துங்கள். நாற்பது பேரின் முதல் கேள்வி, பிறகு நாற்பது பேரின் இரண்டாம் கேள்வி. விடைக்குறிப்பு மனதில் நிற்கும், வேகம் கூடும், முந்தைய விடையைப் பார்த்து அடுத்த விடைக்கு மதிப்பெண் போடும் சாய்வும் குறையும். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் கட்டைத் திருப்பி எதிர்த்திசையில் போங்கள். இல்லாவிட்டால் கடைசி ஐந்து பேர் எப்போதும் சோர்ந்த கண்ணிடம்தான் மாட்டுவார்கள்.

ஆறாம்பீரியட் | ஜூலை 6, இரவு 8.05

அன்றைய வேலையை முடித்துவைப்பது பற்றி. மணி அடித்தாலும் இந்த வேலை முடிந்ததாக மனம் ஏற்பதில்லை. முடியாத வேலை மனதில் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பதை உளவியலாளர் ப்ளூமா ஸைகார்னிக் 1927-லேயே எழுதினார். ஆசிரியரிடம் ஒரு மாலையில் அப்படி முப்பது வேலை தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் முடிவைச் செயற்கையாகத்தான் உண்டாக்க வேண்டும்.

பள்ளியை விட்டுக் கிளம்பும் முன் பத்து நிமிடம், பள்ளியிலேயே:

முதல் மூன்று நிமிடம், தொங்கும் வேலைகளை எழுதுங்கள். "அளவியல் பாடம்" என்று எழுதினால் அது வேலையாகாது, பயமாகத்தான் இருக்கும். "7ஏ, பக்கம் 84, மூன்றாம் கணக்கை மறுபடி போட வேண்டும், இரண்டாம் பீரியட்" என்று எழுதுங்கள். அடுத்த நான்கு நிமிடம், மறுநாள் முதல் பீரியடுக்கு வேண்டியதை மேசையில் எடுத்து வையுங்கள்: புத்தகம் திறந்த பக்கத்தோடு, சுண்ணக்கட்டி, தாள். கடைசி மூன்று நிமிடம், இன்று வீட்டுக்குக் கொண்டுபோவது எது, போகாதது எது என்று பிரியுங்கள். கொண்டுபோவது ஒரே ஒரு பொருள். ஒரு கட்டு நோட்டு, அல்லது பாடக்குறிப்பு. இரண்டும் வேண்டாம். பிரிக்காமல் பையில் போய்த் திறக்காமலே திரும்பி வரும் நோட்டுக்கட்டுதான் மாலை முழுக்க மனசை உறுத்திக்கொண்டிருக்கும்.

மைக்கேல் ஸ்கல்லினும் குழுவினரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருத்தம். படுக்கும் முன் ஐந்து நிமிடம், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்யவேண்டிய வேலைகளை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம்.

தொண்டைக்குழி | ஜூலை 7, மதியம் 1.10

குரலைப் பற்றி யாரும் பேசவில்லை. மனநலம் என்ற தலைப்பில் குரலுக்கு என்ன வேலை என்று தோன்றும். நான்காம் பீரியடுக்கு மேல் ஆசிரியர் எரிந்து விழுவதற்குப் பாதிக் காரணம் தொண்டைதான்.

சத்தத்தில் பேசினால் நம்மை அறியாமல் குரல் உயரும். 1911-ல் எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைப் பதிவு செய்தார். வகுப்பு சலசலக்கும், நாம் உயர்த்துவோம், நாம் உயர்த்தியதை மீறிப் பிள்ளைகள் பேசுவார்கள். உரக்கப் பேசும்போது கோபத்தின் உடல் அறிகுறிகளும் கூடவே வரும்: கழுத்து நரம்பு புடைக்கும், மூச்சு மேலோட்டமாகும். கோபம் இல்லாமல் தொடங்கிய வாக்கியம் கோபமாக முடியும்.

செய்ய வேண்டியது: சத்தத்தின் மேல் அறிவிப்பைச் சொல்லாதீர்கள். ஒரே இடத்தில் நின்று, கையை உயர்த்தி அல்லது மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருங்கள். முதல் வாரம் அரை நிமிடம்கூட ஆகும். அந்த அரை நிமிடத்தில் பொறுமை இழந்து பேசிவிட்டால், காத்திருந்தால் போதும் மிஸ் பேசிவிடுவார் என்று வகுப்பு கற்றுக்கொள்ளும். பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசாதீர்கள். எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். தொண்டை கட்டினால் கிசுகிசுக்காதீர்கள், அதுவும் குரல்நாண்களுக்குச் சுமைதான். மெதுவான இயல்பான குரல் நல்லது. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தண்ணீர். ஒவ்வொரு பீரியட் இடைவெளியிலும் நாலு மிடறு. கழிப்பறைக்குப் போக நேரமில்லை என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருக்கும் ஆசிரியைகள் ஏராளம். சிறுநீர்த் தொற்று, தலைவலி, மதியத்துக்கு மேல் எரிச்சல் எல்லாம் அதோடு வரும். இதைத் தனிப்பட்ட சங்கடமாக நினைத்து மறைக்காமல், ஸ்டாஃப் மீட்டிங்கில் கேட்டு வாங்குங்கள்: பக்கத்து வகுப்பு ஆசிரியர் வாசலில் நின்று இரண்டு வகுப்பையும் மூன்று நிமிடம் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. செலவே இல்லாத சீர்திருத்தம் இது.

சுண்ணக்கட்டி | ஜூலை 7, இரவு 9.15

கழிப்பறை விஷயத்தை யாராவது எழுதினதுக்கே நன்றி.

வகுப்புல ஒரு பையன் எல்லார் முன்னாடியும் எதிர்த்துப் பேசிடுறான்னு வச்சுக்குவோம். அந்த ஒரு நிமிஷம்தான் ராத்திரி முழுக்க ஓடும். அதுக்கு என்ன வழி?

மணியோசை | ஜூலை 8, காலை 5.50

பள்ளி ஆலோசகர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அந்தச் சம்பவத்தை மூன்று பகுதியாகப் பாருங்கள்.

வகுப்பில்: "ஏன் இப்படிப் பேசினாய்?" என்று எல்லார் முன்னும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதிலே இல்லை. அவன் பின்வாங்கினால் வகுப்பு முன் தோற்றவனாகிறான். தணிந்த குரலில் ஒரே வாக்கியம்: "இதைப் பீரியட் முடிந்ததும் பேசுவோம். இப்போது பக்கம் 52." சொல்லிவிட்டு அவனிடமிருந்து பார்வையை எடுத்து வேறு மாணவனிடம் கேள்வி கேளுங்கள். அங்கேயே நின்று முறைத்தால் இரண்டாம் சுற்று தொடங்கும்.

பீரியட் முடிந்ததும்: இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள், அடுத்த வகுப்பில் எதிர்பார்ப்பதைச் சொல்லுங்கள், அவன் ஒரு வாக்கியம் சொல்ல இடம் கொடுங்கள்.

அன்றே, பள்ளியிலேயே: மூன்று வரி எழுதுங்கள். நடந்தது என்ன, நான் சொன்னது என்ன, அடுத்து செய்யப்போவது என்ன. "திமிர்" என்று எழுதாதீர்கள். "புத்தகத்தை மூடிவிட்டு, முடியாது என்றான்" என்று எழுதுங்கள். பின்னால் பெற்றோரோ நிர்வாகமோ கேட்டால் பதிவாகவும் ஆகும். இரவில் மனம் அந்தக் காட்சியைப் புதுப்புது வசனங்களோடு ஓட்டும்போது, நடந்தது இவ்வளவுதான் என்று பிடித்துக்கொள்ள ஒரு பிரதியும் இருக்கும்.

உள்ளே கொதிக்க வெளியே சிரிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலைக்காக உணர்ச்சியை அடக்கியோ வரவழைத்தோ காட்டுவதை சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-ல் உணர்ச்சி உழைப்பு என்று பெயரிட்டு விளக்கினார். முகத்தை மட்டும் மாற்றும் நடிப்புதான் அதில் அதிகம் களைப்பூட்டுவது. நாளெல்லாம் அப்படி நடிக்காமல், நிலையை வெறும் தகவலாகச் சொல்லிவிடலாம்: "என் குரல் உயர்கிறது. ஒரு நிமிடம் எல்லாரும் அமைதியாக வாசியுங்கள்." பிள்ளைகள் இதை ஏற்றுக்கொள்வார்கள். கோபத்தை எப்படிக் கையாள்வது என்று கண்ணெதிரே பார்த்தும் விடுவார்கள்.

மணியோசை | ஜூலை 8, காலை 6.20

மேலே எழுதியதில் ஒன்று விடுபட்டது. அடிப்பேன் என்று மிரட்டுவது, ஆயுதம், தொடுதல் போன்றவை இருந்தால் "பீரியட் முடிந்ததும் பேசுவோம்" பொருந்தாது. ஒரு மாணவரை அனுப்பி உடனே இன்னொரு பெரியவரை வரவழையுங்கள். தனியாகச் சமாளிப்பதில் எந்தப் பெருமையும் இல்லை.

மைக்கூடு | ஜூலை 8, மாலை 6.00

பெற்றோர் மெசேஜ். விதி ஒன்றுதான்: நீங்கள் எப்போது பதில் போடுகிறீர்களோ அதுதான் உங்கள் வேலை நேரம் என்று எதிர்முனை கற்றுக்கொள்ளும். பத்து முறை மறுநாள் பதில் சொல்லி, ஒருமுறை இரவு 10.30-க்குப் பதில் போட்டால் மிஞ்சுவது அந்த 10.30.

ஆண்டு தொடக்கத்திலேயே குரூப்பில் போட்டுவிடுங்கள்: "பள்ளி நாட்களில் மாலை 4 முதல் 4.30 வரை மெசேஜ்களுக்குப் பதில் சொல்கிறேன். குழந்தையின் உடல்நலம், பாதுகாப்பு தொடர்பான அவசரத்துக்குப் பள்ளி எண்ணை அழையுங்கள்." குரூப்பை நிரந்தரமாக மியூட்டில் வையுங்கள், அறிவிப்பு பூட்டுத்திரையில் தெரியாதபடி அமையுங்கள். முதல் வரி கண்ணில் பட்டாலே மனம் பதில் எழுதத் தொடங்கிவிடும். இரவில் படித்தே தீர்ந்துவிட்டதா, பதிலை எழுதி, அனுப்பாமல் குறிப்பேட்டில் வைத்து, மறுநாள் நான்கு மணிக்கு மறுபடி படித்து அனுப்புங்கள். கோபமான நீளச் செய்திக்கு எழுத்தில் வாதம் வேண்டாம். "படித்தேன். நேரில் பேசுவது நல்லது. செவ்வாய் அல்லது வியாழன் 3.45-க்கு வர முடியுமா?" அவ்வளவு போதும்.

இதில் தவறுவது எங்கே? ஒரே பள்ளியில் ஐந்து ஆசிரியர்கள் ஐந்து விதமாக நடந்துகொண்டால் எல்லை வைப்பவர்தான் கெட்டவராகத் தெரிவார். அதனால் நேரத்தைப் பள்ளியின் பெயரில் அறிவிக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள்.

தொண்டைக்குழி | ஜூலை 8, இரவு 7.30

ஸ்டாஃப் ரூமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புலம்புவது நல்லது, ஓர் அளவு வரை. அதே மாணவன், அதே நிர்வாகி, அதே வாக்கியம் என்று தினமும் சுற்றினால் பேசி முடித்தவர் பேசும் முன் இருந்ததைவிடக் கனத்துப் போய் எழுவார். பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "சரி, நாளைக்கு அந்த வகுப்புக்குப் போகும்போது என்ன செய்யலாம்?" என்று ஒருவர் கேட்டால் பேச்சின் திசை மாறும். வாரத்தில் ஒரு நாளாவது உணவு இடைவேளையில் பள்ளிப் பேச்சே எடுக்காத மேசை ஒன்று இருக்கட்டும்.

ஆறாம்பீரியட் | ஜூலை 9, இரவு 9.00

பத்து நிமிட முடிப்பு பற்றி நான் எழுதியதற்கு ஒரு பின்னிணைப்பு. பட்டியல் எழுத எழுத மனம் அடங்குவதற்குப் பதிலாக இன்னும் கொதிக்கிற சிலர் உண்டு. காரணம், அவர்கள் வேலையையும் கவலையையும் ஒரே பட்டியலில் எழுதுகிறார்கள். "9சி-க்கு வினாத்தாள் அச்சடிக்க வேண்டும்" என்பது வேலை. "9சி ரிசல்ட் மோசமானால் என்ன சொல்வார்கள்" என்பது கவலை. கவலைக்கு அடுத்த படி கிடையாது, அதனால் பட்டியலில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டே இருக்கும்.

கவலையைத் தனித்தாளில் எழுதி, மறுநாள் மாலை குறித்த ஒரு நேரத்துக்கு ஒத்திவையுங்கள். உளவியலாளர் தாமஸ் போர்க்கவெக்கும் சகாக்களும் 1980-களில் சோதித்த முறை இது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி. இடையில் கவலை வந்தால் ஒரு சொல்லில் குறித்துவிட்டுக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புவது. அந்த இடம் படுக்கையாக இருக்கக் கூடாது.

தூக்கத்துக்கும் இதே தர்க்கம். படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், தூக்கம் கண்ணைச் சுற்றும்போது திரும்புங்கள். உளவியலாளர் ரிச்சர்ட் பூட்ஸின் 1972-ல் முன்வைத்த முறை இது, இன்றும் தூக்கமின்மைச் சிகிச்சையில் முக்கியப் பகுதி. படுக்கையில் நோட்டு திருத்துவதை இதனால்தான் நிறுத்தச் சொல்கிறோம். கஃபீன் உடலில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மாலை ஐந்துக்குக் குடித்த காபியில் பாதி இரவு பத்துக்கும் உள்ளே இருக்கும். விடுமுறை நாளில் எழும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போக வேண்டாம். தள்ளிப்போனால் ஞாயிறு இரவு தூக்கம் வராது, திங்கள் முதல் பீரியட் அதற்கு விலை கொடுக்கும்.

ஞாயிறு மாலை வயிற்றைப் பிசைவதற்கு: வாரத் திட்டத்தை வெள்ளி கடைசி ஃப்ரீ பீரியடில் முடியுங்கள். அரைகுறையாக இருந்தாலும் சரி. திங்கள் முதல் இரண்டு பீரியட் மட்டும் முழுசாக இருக்கட்டும். ஞாயிறன்று வேலை செய்தே தீர வேண்டும் என்றால் காலையில் செய்துவிடுங்கள்.

மணியோசை | ஜூலை 10, காலை 6.05

கனமான ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பிள்ளை ஒருவர் வந்து வீட்டில் நடக்கும் கொடுமையைச் சொல்கிறார் என்று வையுங்கள். ஆசிரியரின் மனதில் ஆண்டுக்கணக்கில் நிற்பது இத்தகைய தருணங்கள்தான். இங்கே சரியாக நடந்துகொள்வது பிள்ளையைக் காக்கும், ஆசிரியரையும் காக்கும்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். துருவிக் கேட்காதீர்கள். விசாரிப்பது உங்கள் வேலையல்ல, நீங்கள் கேட்கும் கேள்விகளே பிள்ளையின் வாக்குமூலத்தைக் குழப்பிவிடலாம். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதி, பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவரிடம் அன்றே கொடுங்கள். சந்தேகத்துக்குரிய நபர் அந்தப் பொறுப்பில் இருப்பவரே என்றால் பள்ளிக்கு வெளியே உள்ள குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போங்கள்.

அதன் பிறகு ஆசிரியருக்கு என்ன? தகவல் கொடுத்த பின் ஒன்றும் தெரியாமல் நிற்பதுதான் வதை. விவரம் சொல்ல முடியாவிட்டாலும் "எடுத்துக்கொண்டோம், பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறது" என்ற அளவு பதிலைக் கேட்டுப் பெறுங்கள். காட்சிகள் திரும்பத் திரும்ப வருவது, அந்தப் பிள்ளையைப் பார்க்கவே தவிர்ப்பது, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், பிறர் துயரைக் கேட்டதால் வரும் அதிர்ச்சி அது. அதற்கு முறையான சிகிச்சை உண்டு.

சுண்ணக்கட்டி | ஜூலை 10, இரவு 9.30

அப்போ எப்போ டாக்டர்கிட்ட போகணும்? "எல்லா டீச்சருக்கும் இருக்கிறதுதானே"ன்னு தள்ளிப்போடுறவங்கதான் அதிகம்.

மணியோசை | ஜூலை 11, காலை 5.45

மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் இருக்கிறது, 2001-ல் வெளியானது. கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ எண்ணம் வந்ததா என்பது. அதற்குப் பூஜ்யம் தவிர வேறு எந்த எண் வந்தாலும் மொத்தத்தைப் பார்க்க வேண்டாம். அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்றே உதவி தேடுங்கள். படிவம் நோயை உறுதிசெய்யாது, அது மருத்துவர் வேலை.

களைப்புக்கும் மனச்சோர்வுக்கும் வேறுபாடு காண எளிய வழி: பள்ளியே இல்லாத நாளில், பிடித்த வேலை ஒன்று இன்னும் பிடிக்கிறதா? களைத்தவருக்குப் பிடிக்கும், செய்யத்தான் தெம்பு இருக்காது. மனச்சோர்வில் பிடிப்பே போய்விடும். முதல் சந்திப்பிலேயே தைராய்டும் ரத்தசோகையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், இரண்டும் இதே வேடத்தில் வரும். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், பக்கவிளைவு முதலில் வரும். அந்த இடைவெளியில் பயனில்லை என்று தானாக நிறுத்துவதுதான் மிகப் பொதுவான தவறு. நன்றாகிவிட்டது என்று திடீரென நிறுத்துவது அடுத்தது.

ஆறாம்பீரியட் | ஜூலை 11, இரவு 8.40

மேலே உள்ள எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள், அதுவே இன்னொரு சுமையாகிவிடும். நோட்டு முறையும் பத்து நிமிட முடிப்பும் முதலில். அவை கையில் பழகியபின் பெற்றோர் நேரம்.

நிர்வாகத்திடம் போகும்போது "முடியவில்லை" என்று போகாமல் ஒரு தாளோடு போங்கள். நான்கு நெடுவரிசை: வேலை, வாரத்துக்கு எத்தனை நிமிடம், யார் கேட்டது, நிறுத்தினால் யாருக்கு என்ன ஆகும். இரண்டு வாரம் உண்மையாகக் குறித்தால் ஒரே தகவலை மூன்று பதிவேட்டில் எழுதுவது போன்றவை தானாக வெளிவரும். பிறகு கேள்வி: "இந்தப் புது வேலையை எடுத்துக்கொள்கிறேன். பட்டியலில் எதை நிறுத்தட்டும்?" வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-ல் காட்டியது இதுதான்: சுமை அதிகமாகவும் அதன் மேல் சொந்த அதிகாரம் குறைவாகவும் இருக்கும் வேலைதான் மனதை அதிகம் நசுக்குகிறது. சுமை குறையாவிட்டாலும், எந்த வரிசையில் செய்வது, எந்த வகுப்பில் எந்த முறை என்பதை ஆசிரியரிடம் விட்டாலே பாதி மூச்சு விடலாம். தலைமை ஆசிரியர்கள் யாராவது படித்தால் இதைக் கவனியுங்கள்: சப்ஸ்டிட்யூஷன் பீரியடை (வராத ஆசிரியருக்குப் பதிலாக எடுக்கும் வகுப்பை) முதல் நாளே சொல்லிவிடுங்கள். காலை 8.50-க்குச் சொன்னால் அந்த ஆசிரியரின் ஒரே ஃப்ரீ பீரியடும் போய், அதில் செய்ய வைத்திருந்த வேலை வீட்டுக்குப் போகும்.

சுண்ணக்கட்டி | ஜூலை 12, காலை 7.00

கடைசியா ஒண்ணு. மருத்துவ விடுப்பு எடுத்துட்டுத் திரும்புறவங்க ரெண்டு வாரத்துல பழையபடி ஆயிடுறாங்களே, ஏன்?

மணியோசை | ஜூலை 12, மாலை 5.30

போன வேகத்திலேயே திரும்புவதால். சேரும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே நிர்வாகத்தோடு பேசி, முதல் இரண்டு வாரம் சப்ஸ்டிட்யூஷனும் விழாப் பொறுப்பும் இல்லாமல் எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் வாரத்தின் நடுவில் சேருங்கள், முதல் வாரம் மூன்று நாளில் முடிந்துவிடும். "என்ன ஆச்சு?" என்று கேட்பவர்களுக்கு ஒரே வாக்கியம் தயாராக இருக்கட்டும்: "உடம்பு சரியில்லை, இப்போ பரவாயில்லை." அதற்கு மேல் சொல்ல எந்தக் கடமையும் இல்லை. மருத்துவரின் அடுத்த சந்திப்பை, வேலையில் சேர்ந்த மூன்றாம் வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சறுக்கல் பெரும்பாலும் அப்போதுதான் தெரியும்.

விடுப்பில் இருந்தபோது சேர்ந்த நோட்டுக்கட்டைத் திருத்த உட்காராதீர்கள். தேதி போட்டு, கையெழுத்திட்டு, பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்று நடத்தும் பாடத்தின் பயிற்சியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.